சப்பெராவிக்கு எதைத் தொட்டுக்கொள்வது?



உணவுச் சிறப்பிதழில், அதுவும் ஆசிரியர் பக்கத்தில், ஒயினா என்று கேட்பீர்கள். யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. ஒயினையும் சோற்றுத் தட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஒரு நாட்டைப் பற்றிச் சொல்ல ஆசை, அவ்வளவுதான்.

அந்த நாடு ஜார்ஜியா. கி.மு. 6000 வாக்கில் அங்கே ஒயின் இருந்ததற்கான தடயம் மண்பாண்ட ஓடுகளில் கிடைத்ததாக 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நாட்டின் கிழக்கே உள்ள ககேத்தியில் இன்றும் பலர் உள்ளே தேன்மெழுகு பூசிய முட்டை வடிவ மண் தாழியைக் கழுத்துவரை பூமியில் புதைத்து, நசுக்கிய திராட்சையைத் தோலும் விதையுமாக அதில் கொட்டிப் புளிக்கவிடுகிறார்கள். தாழிக்குப் பெயர் க்வெவ்ரி. 2013இல் யுனெஸ்கோ இந்த முறையை மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது.

அவர்களுடைய சிவப்புத் திராட்சை சப்பெராவி. கறுப்புத் திராட்சை வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிறம் தோலோடு சரி. பிழிந்தால் சாறு வெளிறித்தான் வரும். சப்பெராவிக்குச் சதையே சிவப்பு. கிளாஸைச் சாய்த்துப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் ஊடுருவாது, ஓரத்தில் மட்டும் ஊதா தெரியும். குடித்தவர் பல்லே காட்டிக்கொடுத்துவிடும். மூக்கருகே கொண்டுபோனால் செர்ரி, ப்ளம் வாசனை. வாயில் வைத்ததும் புளிப்பு முந்தும். பின்னாலேயே பச்சை வாழைப்பூவை மென்றதுபோல் ஒரு துவர்ப்பு ஈறில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெறுமனே குடித்தால் முகம் சுளிக்கத்தான் தோன்றும்.

அந்தத் துவர்ப்புக்கு வேலை கொடுப்பது சாப்பாடு. காய்ந்த திராட்சைக் கொடியைக் கொளுத்தி, அந்தத் தணலில் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியை ம்த்ஸ்வாதி என்கிறார்கள். அதில் ஒரு துண்டு தின்றுவிட்டு மறுபடி ஒரு வாய் குடித்தால், கொழுப்பும் புரதமும் துவர்ப்பை வாங்கிக்கொண்டு பழச்சுவையை மேலே விடும். சைவர்களுக்கும் வழி உண்டு. வால்நட், பூண்டு, கொத்தமல்லி அரைத்த விழுதை வதக்கிய கத்தரிக்காயில் வைத்துச் சுருட்டித் தருவார்கள். கொத்தமல்லித் தழை விஷயத்தில் அவர்கள் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை.

மிளகாயோடு மட்டும் சப்பெராவிக்கு ஆகாது. ஆல்கஹால் காரத்தைக் கிளறிவிடும், துவர்ப்பு அதைக் கூட்டும். சிவப்பு ஒயினுக்குக் காரசாரமான மட்டன் சுக்கா என்று சொல்லும் ஓட்டல்காரர்களை நான் நம்புவதில்லை. காரத்துக்கென்றால் அதே திராட்சையில் லேசான இனிப்போடு செய்யும் கிண்ட்ஸ்மராவுலி பரவாயில்லை. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்பதும் குளிர்நாட்டு அறைக்குச் சொன்னது. நம் ஊர் வெயிலில் அரைமணி நேரமாவது ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும்.

ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. உங்கள் அறைச் சமையலில் அந்த ஊர் வால்நட்டும், தக்கெமாலி என்கிற புளிப்பு ப்ளம் சட்னியும் நம் சோற்றோடு எப்படி ஒத்துப்போயின என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம். ஒயினைப் பற்றி எழுத வேண்டாம், வீட்டில் படிப்பார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்