ஒரே ராத்திரியில் புகழா?

பத்திரிகைகளில் ஒரு கதை அடிக்கடி வரும். வாசகர்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். சாதாரணக் குடும்பத்துப் பையன், வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர், மலிவான ஒரு மைக். பாட்டு ஒன்றைப் பதிவு செய்து இண்டர்நெட்டில் போட்டான். மறுநாள் எழுந்து பார்த்தால் ஊரெல்லாம் அவன் பேச்சு. ஆளையும் ஊரையும் மாற்றிக் கொண்டால் இதே கதையை எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். நம் கோவைப் பக்கம் இந்தக் கதையில் மாட்டிக் கொண்டவர்கள் ஹிப்ஹாப் தமிழா.

இந்தக் கதையில் கம்ப்யூட்டருக்கும் இண்டர்நெட்டுக்கும் கொடுக்கிற பெருமை அதிகம் என்பது என் கருத்து. வால்பாறையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து பிழைப்பவன் நான். கம்ப்யூட்டரைக் குறைத்துப் பேசினால் எனக்குத்தான் நஷ்டம். இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கதையை நம்பிக் கையில் இருக்கிற காசைத் தொலைப்பவர்களைப் பார்த்துக் கொண்டிருக்கிறேன்.

முதலில் கோவைக் கதையையே எடுத்துக் கொள்வோம். ஆதி கோயம்புத்தூர்க்காரர். அவரும் ஜீவாவும் சேர்ந்ததுதான் ஹிப்ஹாப் தமிழா. 2011-ல் இவர்களுடைய 'கிளப்புல மப்புல' யூடியூபில் பரவியது. பரவிய வீடியோவைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அது வீட்டு அறையில் எடுத்தது இல்லை. ஹலோ எஃப்.எம். ரேடியோ நிகழ்ச்சியில் பாடியது. ரேடியோ ஸ்டேஷன் என்றால் நல்ல மைக் இருக்கும், எதிரொலி வராத அறை இருக்கும், பதிவு செய்யத் தெரிந்த ஆள் இருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே காது கொடுத்துக் கேட்டுக் கொண்டிருக்கிற நேயர்கள் இருப்பார்கள். பழைய மீடியாவான ரேடியோ தூக்கி விட்டதை, புதிய மீடியாவான யூடியூப் கணக்கில் எழுதி விட்டார்கள்.

அந்தப் பாட்டு பெண்களை மட்டம் தட்டுகிறது என்று கண்டனமும் கிளம்பியது. எனக்கும் அந்த வரிகள் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காதவர்களும் "இதைப் பாருங்கள், என்ன அநியாயம்" என்று லிங்க்கை நாலு பேருக்கு அனுப்பினார்கள். கவுண்டருக்குக் கோபமும் தெரியாது, கைதட்டலும் தெரியாது. இரண்டையும் ஒன்று என்றுதான் எண்ணும்.

அதற்குப் பிறகு என்ன ஆனது? 2012-ல் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம். 2013-ல் 'எதிர்நீச்சல்' படத்தில் அனிருத் இசையில் ஒரு பாட்டில் இடம். சுந்தர் சி-யின் 'ஆம்பள' படத்துக்கு இசையமைத்தது 2015 பொங்கலுக்கு. அதே வருடம் 'தனி ஒருவன்'. ஆக, யூடியூபில் பாட்டு பரவியதில் இருந்து முதல் படம் வரை மூன்று வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அதற்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் எழுதிப் பழகிய வருடங்கள் தனி. 2017-ல் ஆதியே 'மீசைய முறுக்கு' என்று தன் கதையைப் படமாக எடுத்தபோது, அதில் பாதிக்கு மேல் காத்திருப்பும் திட்டு வாங்குவதும்தான். படத்தைப் பார்த்துக் கைதட்டியவர்கள் வெளியே வந்ததும் மறுபடி "ஒரே பாட்டில் எங்கேயோ போய்விட்டான்" என்றுதான் பேசினார்கள்.

'முதல்' என்ற வார்த்தையும் பத்திரிகைக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் தமிழ் ஹிப்ஹாப் ஆல்பம் என்று எழுதினால் தலைப்பு கனமாக இருக்கும். இந்தியாவில் முதல் என்றால் பேசிக் கொள்ளலாம். உலகத்தில் முதல் என்றால் மலேசியத் தமிழர்கள் சிரிப்பார்கள். யோகி பி-யும் நட்சத்ராவும் 'வல்லவன்' ஆல்பத்தைப் போட்டது 2006-ல். இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை அவர்கள் ராப்பாக மாற்றியது இங்கே செல்போன் செல்போனாகச் சுற்றியது. ப்ளூடூத்தில் ஒருவருக்கு ஒருவர் அனுப்பிக் கொண்ட காலம் அது. எவ்வளவு பேர் கேட்டார்கள் என்று எண்ண யாரிடமும் கவுண்டர் இல்லை. அதனால் தலைப்பும் இல்லை.

இதே வேடிக்கை இங்கிலாந்திலும் நடந்தது. ஷெஃபீல்ட் நகரத்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஆர்க்டிக் மங்கீஸ் என்ற ராக் பேண்ட் ஆரம்பித்தார்கள். வீட்டுக் கார் ஷெட்டில் வைத்துப் பழகும் பேண்டை அங்கே கேரேஜ் பேண்ட் என்பார்கள். (அந்தப் பெயருக்கு இருக்கிற மயக்கத்தைப் பார்த்துத்தான் ஆப்பிள் நிறுவனம் 2004-ல் கொண்டு வந்த பாட்டுப் பதிவு சாப்ட்வேருக்கு 'கேரேஜ்பேண்ட்' என்று பெயர் வைத்தது.) இவர்களும் பாடகர் அலெக்ஸ் டர்னரின் வீட்டு கேரேஜில் பழகியவர்கள்தான். 2003 ஜூனில் உள்ளூர் மதுக்கடை ஒன்றில் முதல் கச்சேரி. கச்சேரிக்கு வந்தவர்களுக்கு சி.டி.யில் பாட்டை எரித்து இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கிப் போனவர்கள் அதை பைலாக மாற்றி இண்டர்நெட்டில் பகிர்ந்து கொண்டார்கள்.

2005 அக்டோபரில் இவர்களுடைய சிங்கிள் நேராக முதல் இடத்துக்குப் போனது. 2006 ஜனவரியில் வந்த முதல் ஆல்பம் ஒரே வாரத்தில் 3,63,735 பிரதிகள் விற்றது. ஒரு முதல் ஆல்பத்துக்கு அன்றைக்கு பிரிட்டனில் அதுதான் சாதனை. என்.எம்.இ. என்ற இசைப் பத்திரிகை, ஆல்பம் வந்த சூட்டோடு, பிரிட்டனின் எல்லாக் காலத்துச் சிறந்த ஆல்பங்களில் ஐந்தாவது இடத்தை இதற்குக் கொடுத்தது. பிறந்த குழந்தைக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்த மாதிரி!

நாளிதழ்கள் இவர்களுக்கு வைத்த பெயர் 'மைஸ்பேஸ் பேண்ட்'. மைஸ்பேஸ் என்ற இணைய தளம்தான் இவர்களை உருவாக்கியது என்று எழுதினார்கள். பேண்டில் இருந்தவர்களோ, அந்தப் பக்கத்தை நாங்கள் ஆரம்பிக்கவே இல்லை, ரசிகர்கள் ஆரம்பித்தது, மைஸ்பேஸ் என்றால் என்னவென்றே எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தார்கள். யார் கேட்டார்கள்? குளிரில் வேன் ஏறிப் போய் இரண்டரை வருடம் கச்சேரி செய்த கதையை விட, இணைய தளக் கதை எழுத சுலபம். இரண்டே பத்தியில் முடிந்து விடும்.

இதற்கு நேர் எதிர் 'கொலவெறி'. 2011 நவம்பரில் ஒரு அரைகுறைப் பிரதி முதலில் கசிந்தது. 16-ம் தேதி சோனி மியூசிக் நிறுவனமே முறைப்படி யூடியூபில் வெளியிட்டது. ஸ்டூடியோவில் சும்மா விளையாட்டாகப் பாடுவது போன்ற வீடியோ. பாடியவர் அப்போதே பெயர் பெற்ற நடிகர் தனுஷ். இசையமைத்த அனிருத்துக்கு 21 வயது, சினிமாக் குடும்பத்துப் பிள்ளை. பாட்டு நல்ல பாட்டு, நானும் ரசித்தேன். டிசம்பரில் ஜப்பான் பிரதமருக்கு மன்மோகன் சிங் கொடுத்த விருந்துக்குத் தனுஷைக் கூப்பிடும் அளவுக்குப் போனது. ஆனால் பெரிய கம்பெனி, பெரிய நடிகர், பெரிய குடும்பம் எல்லாம் பின்னால் இருந்த இந்தப் பாட்டையும் "யாரும் எதிர்பாராமல் இண்டர்நெட்டில் தானாகப் பரவியது" என்று அதே அச்சில்தான் வார்த்தார்கள்.

சரி, வியூ எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு வியூ என்றால் ஒரு ஆள் என்று நினைக்காதீர்கள். ஒரே ஆள் பத்துத் தடவை பார்த்தாலும் ஏறும். 2015 வரை யூடியூபில் புதுப் பாட்டுகளின் எண்ணிக்கை 301-ல் வந்து நின்று விடும், ஞாபகம் இருக்கிறதா? அதற்கு மேல் வருவது நிஜமான ஆட்களா, புரோகிராம் எழுதி ஓட்டியதா என்று சோதித்து விட்டுத்தான் கூட்டுவார்கள். விளம்பரம் இன்னொரு வழி. பாட்டையே விளம்பரமாக்கி மற்ற வீடியோக்களுக்கு முன்னால் ஓட விடலாம். 'ஸ்கிப்' செய்யாமல் 30 விநாடி ஓடினால் அதுவும் ஒரு வியூ. 2019 ஜூலையில் இந்தி ராப் பாடகர் பாட்ஷாவின் 'பாகல்' பாட்டுக்கு ஒரே நாளில் ஏழரைக் கோடி வியூ என்று உலக சாதனை கொண்டாடினார்கள். அதில் விளம்பரத்தில் வந்த வியூக்களும் சேர்ந்திருந்தன. யூடியூப் அதைச் சாதனையாக அறிவிக்கவில்லை. செப்டம்பரில், விளம்பரத்தில் வந்த வியூக்களை 24 மணி நேரச் சாதனைக்குச் சேர்க்க மாட்டோம் என்று விதியையே மாற்றி விட்டது. எண்ணிக்கையைத் தலைப்பாகப் போட்ட பத்திரிகைகளில் விதி மாறிய செய்தி எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்?

இது மும்பைப் பெரிய மனிதர்கள் விவகாரம் என்று விட்டுவிட முடியவில்லை. நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி இங்கேயும் வந்து விட்டது. முடீஸ் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டுப் பையன்கள் மூன்று பேர் என் கடைக்கு வந்தார்கள். ஒருவன் கீபோர்டு வாசிக்கிறான், ஒருவன் பறை அடிக்கிறான், ஒருவன் எழுதிப் பாடுகிறான். அட்டை கடிப்பதில் இருந்து யானை வருவது வரை பாட்டில் இருக்கிறது. நன்றாகவே இருந்தது. "ஏனுங்ணா, லட்சம் வியூஸ் ஏறிச்சுங்ணா, அடுத்த வாரமே எல்லாம் எறங்கிருச்சு. எங்க கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் கோளாறுங்களா?" என்று கேட்டார்கள்.

கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. வியூஸ் ஏற்றித் தருகிறேன் என்று விளம்பரம் செய்த யாரோ ஒருவருக்குப் பணம் அனுப்பியிருக்கிறார்கள். பாடுகிறவனின் அம்மாவுக்கு எஸ்டேட்டில் கிடைத்த தீபாவளி போனஸ் அது. கொழுந்து கிள்ளிச் சேர்த்த காசு. யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து புள்ளிவிவரப் பக்கத்தைக் காட்டினேன். பார்த்தவர்கள் சராசரியாகச் சில விநாடிகளில் ஓடியிருந்தார்கள். தமிழே தெரியாத நாடுகளில் இருந்து வந்திருந்தார்கள். கமெண்ட் எழுதியிருந்தவர்கள் எல்லோரும் லைன் வீட்டுச் சொந்தக்காரர்கள். போலி என்று கண்டுபிடித்ததும் யூடியூப் வியூக்களைக் கழித்து விட்டது. பணம் வாங்கியவர் போனை எடுக்கவில்லை. நீங்களும் சேனல் வைத்திருந்தால் மொத்த எண்ணிக்கையை விட்டு விட்டு இந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பாட்டை எவ்வளவு நேரம் கேட்டார்கள், எந்த நாட்டில் இருந்து கேட்டார்கள் என்று அங்கேதான் தெரியும்.

மீதிக் காசில் பெரிய மைக் வாங்கலாமா என்று அடுத்த கேள்வி. வேண்டாம் என்றேன். ஸ்டூடியோவில் தொங்கும் கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் தனியாகக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் பிங்க் நிறத் துளையில் சொருகினால் வேலை செய்யாது. நடுவில் ஆடியோ இண்டர்பேஸ் என்று ஒரு பெட்டி தேவை. அதெல்லாம் பிறகு பார்க்கலாம். இப்போதைக்குச் சுமாரான ஒரு யுஎஸ்பி மைக், சுற்றிலும் நாலு கம்பளிப் போர்வை, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி சாப்ட்வேர் போதும்.

இன்னொன்றும் சொன்னேன். பாட்டின் மூலப் பதிவை 'வேவ்' பைலாகவே வைத்திருங்கள். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும், ஆகட்டும். எம்பி3-யாக மாற்றி ஏற்றி விட்டு மூலத்தை அழித்து விடாதீர்கள். பெரிய இணைய தளம் பத்திரமாக வைத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். பேண்டுகளை உருவாக்கியதாகப் பேர் வாங்கிய அந்த மைஸ்பேஸ், 2003 முதல் 2015 வரை ஏற்றிய பாடல்களை எல்லாம் சர்வர் மாற்றும்போது தொலைத்து விட்டதாக 2019-ல் கையை விரித்தது. கோடிக்கணக்கான பாடல்கள்!

பையன்கள் ஒரு பென் டிரைவும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிப் போனார்கள். புதுப் பாட்டை எப்போது பதிவு செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். லைன் வீட்டுக்குத் தகரக் கூரை. ஜூன் தொடங்கி தென்மேற்குப் பருவமழை அடிக்க ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

"மழ விடட்டும்ங்ணா, அதுவரைக்கும் எழுதறோம்" என்றான் பாடுகிறவன்.