காட்ஜில்லாவுக்குள் ஓர் ஆள்



போன வாரம் பேரன் செல்போனில் 1954-இல் வந்த ஜப்பான் படம் ‘காட்ஜில்லா’ பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். “தாத்தா, உள்ள ஒரு ஆளு நடக்கறது நல்லாவே தெரியுது!” உண்மைதான். ஆனால் சிரித்துவிட்டு விட்டுவிடுகிற படமில்லை அது.

தந்திரக் காட்சிகளைச் செய்த எய்ஜி சுபுராயா, ‘கிங் காங்’ போலப் பொம்மையை நகர்த்தி நகர்த்திப் படமெடுக்கத்தான் ஆசைப்பட்டார். அதற்கு ஏழு வருஷம் பிடிக்கும். கையில் இருந்ததோ சில மாதங்கள். அதனால்தான் உடைக்குள் ஹருவோ நகாஜிமாவை நடக்க விட்டார்கள். முதலில் செய்த உடை சுமார் 100 கிலோ. நடக்கவே முடியாமல் போக, அதை வெட்டி, கால் மட்டும் தெரியும் காட்சிகளுக்கு வைத்துக்கொண்டு வேறு உடை செய்தார்கள். அந்த உறுமல்? இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பாஸ் என்ற பெரிய வாத்தியத்தின் தளர்ந்த தந்தியைத் தோல் கையுறையால் உரசி எடுத்தது.

படத்தில் அது மலைக்குப் பின்னாலிருந்து தலை நீட்டும். பேரனுக்கு ஒரு கணக்கு போட்டேன்: அதன் உயரம் 50 மீட்டர், அதாவது 164 அடி. நம்ம ராஜகிரி சுமார் 800 அடி. செஞ்சிக்கு வந்தால் எட்டிப் பார்க்க முடியாது!

இந்த உபாயம் நமக்கும் புதிதல்ல. 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த ‘காடு’ படத்தில், யானைகளுக்கு ரோமம் போர்த்தி ஆதிகால மாமூத் ஆக்கினார்கள். அதை இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? காட்ஜில்லா மட்டும் ஏன் நிற்கிறது?

1954 மார்ச் 1-இல் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஒரு ஜப்பானிய மீன்பிடி படகிலிருந்த 23 பேர் மேல் விழுந்தது. செப்டம்பரில் ஒருவர் இறந்தார். நவம்பர் 3-இல் இந்தப் படம் வந்தது. தொடக்கத்திலேயே ஒரு கப்பல் ஒளியில் எரிகிறது. இயக்குநர் இஷிரோ ஹோண்டா, போர் முடிந்து ஊர் திரும்பும்போது ஹிரோஷிமாவின் அழிவைக் கண்ணால் கண்டவர். தெருவோரம் பிள்ளைகளை அணைத்தபடி சாவுக்குக் காத்திருக்கும் ஒரு தாயையும் படத்தில் காட்டினார்.

உடை ரப்பர், பயம் ரப்பர் இல்லை. தொழில்நுட்பம் பத்து வருஷத்தில் பழசாகிவிடும். பட்ட துயரத்தைச் சொன்ன படம் பழசாவதில்லை என்பது என் கருத்து.

உங்கள் பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் அந்த 23 பேரைப் பற்றிச் சொல்லுங்கள். என் பேரன் மறுபடி முதலிலிருந்து பார்த்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.