சிங்கராஜாவின் வேதாந்தம்

"குழந்தைகள் பார்க்கிற பொம்மைப் படம்தானே, அதிலென்ன அரசியல்?" என்று மில் வாசலில் ஒரு தோழர் கேட்டார். பதில் சொல்ல வேண்டிய கேள்விதான்.

அமெரிக்காவின் டிஸ்னி கம்பெனி 1994இல் எடுத்த 'லயன் கிங்' படத்தைப் பற்றிய பேச்சு இது. 2019இல் அதை மறுபடியும் எடுத்தார்கள். அது தமிழிலும் பேசிற்று. நம் வீட்டுப் பிள்ளைகளும் கைதட்டிப் பார்த்தார்கள். கண்ணுக்கு நிறைவான படம். தகப்பன் சிங்கம் சாகும்போது கல் நெஞ்சும் கரையும். வாஸ்தவம். ஆனால் கதை என்ன சொல்கிறது?

முதல் காட்சியில் ராஜாவுக்குக் குட்டி பிறந்திருக்கிறது. குரங்குப் புரோகிதர் அதன் நெற்றியில் பழச்சாறு பூசி, பாறைமேல் நின்று தூக்கிக் காட்டுகிறார். மேகம் விலகி ஒளி விழுகிறது. வரிக்குதிரையும் மானும் மண்டியிடுகின்றன. யாருக்கு? நாளை தங்களைத் தின்னப் போகிறவனுக்கு!

பிறகு ராஜா மகனுக்கு உபதேசம் செய்கிறார். நாம் மானைத் தின்கிறோம். செத்த பின் நாம் புல்லாகிறோம். மான் அந்தப் புல்லைத் தின்கிறது. எல்லாம் ஒரே சக்கரமாம்! ஆகா, என்ன சமத்துவம்! மானின் உயிர் இன்றைக்குப் போகிறது. ராஜா கொடுப்பதோ செத்த பிறகு ஒரு பிடி புல்.

எல்லைக்கு வெளியே, யானை எலும்புகள் குவிந்த பொட்டலில், கழுதைப்புலிகள் பட்டினி கிடக்கின்றன. ராஜாவின் தம்பி வயிறாரத் தீனி தருவதாக ஆசைகாட்டி, அவற்றைத் தன் சதிக்கு ஏவலாளாக்குகிறான். பசித்தவனை இப்படி ஏய்க்கும் ஆசாமிகள் எங்கும் உண்டு. ஆனால் படம் சொல்லும் பரிகாரம் என்ன? கழுதைப்புலிகள் உள்ளே வந்ததும் மழை பொய்த்துக் காடு கருகுகிறது. வாரிசு திரும்பியதும் மழை கொட்டுகிறது! பட்டினிக்காரன் எல்லைக்கு வெளியே கிடக்க வேண்டும், பிறவி ராஜா ஆள வேண்டும் என்பது அரசியல். அதற்கு வானத்தையே சாட்சிக்கு அழைப்பது மதம்.

மேகத்திலிருந்து பேசும் தந்தையிடம் சிலர் பரமபிதாவைக் காண்கிறார்கள். பாலைவனத்துக்கு ஓடித் திரும்பும் மகனிடம் மோசேயைக் காண்கிறார்கள். பக்தர்களின் நம்பிக்கையோடு நமக்குச் சண்டையில்லை. அவர்கள் தங்கள் வேதத்தையே புரட்டிப் பார்க்கட்டும். மோசே திரும்பி வந்தது, செங்கல் அறுத்த அடிமைகளை அரசன் பிடியிலிருந்து மீட்பதற்கு. இந்தச் சிங்கம் திரும்பி வந்தது சிம்மாசனம் ஏறுவதற்கு!

கதை நடப்பது ஆப்பிரிக்காவில். ஆனால் ஓர் ஆப்பிரிக்க மனிதன்கூட அதில் இல்லை. அந்த 1994 ஏப்ரலில்தான் தென்னாப்பிரிக்கக் கறுப்பு மக்கள் நாட்டின் பொதுத் தேர்தலில் முதன்முறையாக வரிசையில் நின்று வோட்டுப் போட்டார்கள். பிறப்பைக் காட்டி ஆண்ட வெள்ளை ஆட்சி வீழ்ந்தது. அதே ஆண்டில் டிஸ்னி கம்பெனி பிறவி ராஜாவுக்குப் பட்டம் கட்டியது.

இன்னொன்றும் கேளுங்கள். சிங்கம் உறங்குவதைப் பற்றி இப்படத்தில் ஒரு பாட்டு வருகிறது. அதன் மூலப்பாட்டை 1939இல் ஜோஹன்னஸ்பர்க்கில் பாடிப் பதித்தவர் சாலமன் லிண்டா என்ற ஜூலு தொழிலாளி. இசைத்தட்டுக் கம்பெனியில் பொட்டலம் கட்டும் வேலை பார்த்தவர். பாட்டின் உரிமைக்கு அவர் பெற்றது 10 ஷில்லிங். பாட்டு உலகைச் சுற்றிப் பணம் குவித்தது. அவரோ 1962இல் வறுமையில் மாண்டார். சக்கரம் சுழன்றது, அவர் குடும்பத்துக்கு என்ன வந்தது? 2004இல் டிஸ்னிமீது வழக்குத் தொடுத்தார்கள். 2006இல் சமரசமாகி, குடும்பத்துக்கும் பங்கு தர ஒப்பந்தமாயிற்று.

மேகம் பிளந்து எந்த ராஜாவும் வந்து அந்தப் பங்கை வாங்கித் தரவில்லை. கோர்ட்டுப் படியேறிக் கேட்டார்கள், கிடைத்தது.

தோழர்களே, பிள்ளைகளைப் படம் பார்க்கவிடுங்கள். வீடு திரும்பியதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மான் ஏன் மண்டியிட்டது?