குழிக்குள் ஒருவர் சும்மா இருக்கிறார்

ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் உள்ள ஒரு வெண்கலச் சிலையின் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். பாதாளச் சாக்கடைக் குழியிலிருந்து தலையை நீட்டி, தரையில் கைகளை ஊன்றி, சிரித்தபடி தெருவை வேடிக்கை பார்க்கும் தொழிலாளி. 1997இல் விக்டர் ஹுலிக் செய்த சிலை இது. பெயர் ‘சுமில்’, அதாவது வேடிக்கை பார்ப்பவர். அவர் இளைப்பாறுகிறார் என்பார்கள் சிலர், பெண்களை எட்டிப் பார்க்கிறார் என்பார்கள் சிலர். பக்கத்தில் ‘வேலை நடக்கிறது’ என்ற பொருளில் ஒரு பலகை. வேலை நடக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

நம்மால் அப்படிச் சிரிக்க முடியுமா? இங்கே திறந்த குழி என்றாலே விஷவாயு நினைவுக்கு வருகிறது. மலக்குழியில் இறங்கும் உடல் எந்தச் சாதியுடையது என்பது ஊரறிந்த செய்தி. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2014இல் 10 லட்சம், 2023இல் 30 லட்சம் என உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உயர்த்தியது. சாவு நிற்கவில்லை.

இயந்திரம் வேண்டும் என்கிறோம். வேண்டும்தான். ஆனால் ‘சாகாமல் இருந்தால் போதும்’ என்பதோடு நம் கோரிக்கை முடிந்துவிடக் கூடாது.

சென்னைக் கடற்கரையில் 1959இல் வைக்கப்பட்ட உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். நான்கு பேர் பாறையோடு மல்லுக்கட்டுகிறார்கள். உழைப்பவரின் முதுகு வளைந்திருக்கும்வரைதான் அவருக்கு இங்கே மாலை. அவர் கொஞ்சம் உட்கார்ந்தால் ‘சோம்பேறி’. சித்தர் சும்மா இருந்தால் ஞானம், சேரிக்காரர் சும்மா இருந்தால் திமிர். திண்ணையில் யார் உட்காரலாம், டீக்கடை பெஞ்சில் யார் உட்காரலாம் என்பதைச் சாதிதானே தீர்மானித்தது?

அண்ணல் அம்பேத்கர் இதை அறிந்திருந்தார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது, ஆலைத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை, வாரம் 48 மணி நேர வேலை ஆகியவற்றுக்கான சட்டத்திருத்தங்களைக் கொண்டுவந்தார். ஓய்வு யாரோ போடும் பிச்சையல்ல, உரிமை என்பதே அதன் பொருள்.

இன்று ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு ஒருநாள் உடம்பு முடியவில்லை என்றால் அன்றைய கூலி போகிறது. எனவே தோழர்களே, அடுத்த முறை கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது கையுறை, முகக்கவசத்தோடு நிறுத்தாதீர்கள். பணி நிரந்தரம், சம்பளத்துடன் வார விடுப்பு, உட்கார ஓர் ஓய்வறை என்று எழுதுங்கள். சாக்கடைக்குள் எந்த மனிதரும் இறங்கக் கூடாது. வெளியே, வெயிலில், அவர் சும்மா உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்க வேண்டும். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது.