பெயரில்லாப் பாட்டுகளுக்கு ஒரு பட்டியல்

சி.வி. வேலுப்பிள்ளையைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் எனக்குக் கல்லிமாக்கஸின் நினைவு வருவதுண்டு. இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி கொண்ட இருவரை ஒரே மூச்சில் சொல்வது, கலைப்பட்டத்துக்காகக் கிரேக்க நாகரிகம் படித்தவனின் தீராத பழக்கம் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

கல்லிமாக்கஸ் இன்றைய லிபியாவிலுள்ள சைரீன் நகரில் பிறந்தவர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்தார். ஆரம்பத்தில் அந்நகரின் புறத்தே பள்ளி ஆசிரியராக இருந்தார் என்பது மரபுவழிச் செய்தி. பின்னர் தாலமி மன்னர்களின் ஆதரவு கிட்டியது. நீண்ட காவியங்களைக் காட்டிலும் செறிவான சிறு பாட்டே உயர்ந்தது என வாதாடிய கவிஞர் அவர். ஆயினும் அவர் செய்த பெருஞ்செயல் கவிதையன்று. அலெக்சாந்திரியா நூலகத்தின் சுவடிகளைக் கொண்டு, 120 சுருள்களில் 'பினாக்கெஸ்' என்னும் பட்டியலை உருவாக்கியதே. இலக்கிய வகை, அதனுள் ஆசிரியர், அவருடைய சிறு வரலாறு, நூலின் முதலடி, மொத்த அடிகளின் எண்ணிக்கை என்று ஒழுங்கு செய்யப்பட்ட பட்டியல் அது. நம் பதிப்பாசிரியர்கள் நூலின் இறுதியில் பாட்டு முதற்குறிப்பு அகராதி சேர்ப்பதை அறிந்தவர்களுக்கு அந்த முதலடியின் பயன் புரியும். ஒரு வேடிக்கை: பட்டியலிட்டவரின் பட்டியலே அழிந்துபோய்ச் சில சிதறல்கள்தாம் எஞ்சியுள்ளன. அவருடைய கவிதைகளிற் கணிசமான பகுதி மீண்டதும் எகிப்திய மணலில் கிடந்த பழைய பாப்பிரசுத் துண்டுகளிலிருந்துதான்.

இனி நம்மவரிடம் வருவோம்.

சி.வி. 1914இல் நுவரெலியா மாவட்டத்து மடக்கும்புரைத் தோட்டத்தில், பெரிய கங்காணிக் குடும்பமொன்றில் பிறந்தார். கங்காணி வீட்டுப் பிள்ளைக்கும் லயத்துப் பிள்ளைக்கும் நடுவே அந்நாளில் எத்தகைய மதில் இருந்தது என்பது மலையகத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மதிலைத் தாண்டித் தொழிற்சங்கத்துக்கு வந்தவர் அவர். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் வெற்றிபெற்ற ஏழு பேரில் ஒருவராகத் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அவருக்கு வாக்களித்த மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கின. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூட நாடாளுமன்றம் செல்லவில்லை.

ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர்ப்பட்டியல் கிழிக்கப்படுவதைக் கண்ணாற் கண்ட கவிஞர் அவர் என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

அவருடைய ஆங்கில நெடுங்கவிதையான 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' 1950களில் வெளியானது. சக்தி பாலையா அதனைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். 1970இல் தொழிலாளர் வாழ்க்கைச் சித்திரங்களான 'போர்ன் டு லேபர்' வந்தது. தமிழில் 'வீடற்றவன்', 'இனிப் படமாட்டேன்' முதலிய நாவல்களையும் எழுதினார். மக்கள் கவிமணி என்று போற்றப்பட்டார். விழா மேடைகளில் இன்றுவரை நாம் கேட்பது இந்தச் சி.வி.யைத்தான். ஆங்கிலத்தில் எழுதி உலகறியச் செய்தார் என்பதே முதற் பாராட்டு. அதில் பிழையில்லை. ஆனால் யாருடைய வியர்வையைப் பாடினாரோ அவர்களிற் பெரும்பாலோர் அந்தப் பக்கங்களைப் படிக்க வாய்ப்பில்லாதிருந்தது என்பதை அவரைக் காட்டிலும் உணர்ந்தவர் வேறு யார்?

அவர் நாட்டார் பாடல்களைத் தேடியதற்கு இந்த உணர்வும் ஒரு காரணம் என்பது என் ஊகம். 1983இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற தொகுப்பே அவருடைய தலையாய பணி என்று நான் கருதுகிறேன். கவிதை நூலுக்குக் கீழே, ஒரு துணை முயற்சிபோல அதனை வைத்துப் பேசும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. அந்த ஆண்டு இந்நாட்டில் என்ன நடந்தது என்பதை நாமறிவோம். அடுத்த ஆண்டு, 1984இல், சி.வி. மறைந்தார்.

தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு என்று இப்பாடல்களை வகைப்படுத்திவிட்டு ஆய்வாளர்கள் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். அவற்றை ஆவணங்களாக வாசித்துப் பாருங்கள். தோட்ட வரலாறு என்று நம்மிடம் உள்ளதிற் பெரும்பகுதி துரைமார் எழுதியது: எத்தனை ஏக்கர், எத்தனை இறாத்தல், எத்தனை ஆள். பேர்ச்சீட்டில் ஒருத்திக்கு அரைப்பேர் போட்டதைக் கணக்குப் புத்தகம் சொல்லும். அது நியாயமா என்பதை அந்தப் புத்தகம் சொல்லாது. விடியுமுன் தப்பு ஒலிக்க, பச்சைக் குழந்தையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டுவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓடியவளின் வாக்குமூலம் வேறெங்கும் பதிவாகவில்லை, பாட்டில் தவிர.

'பாட்டைச் சேர்த்தால் சம்பளம் கூடுமா?' என்று தொழிற்சங்க நண்பரொருவர் என்னிடம் கேட்டதுண்டு. கூடாதுதான். ஆயினும் 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக 2021 வரை எத்தனை ஆண்டுகள் இழுபறிப்பட்டோம் என்று வரலாறு எழுதுகிறவன், அரைப்பேரைப் பாடியவளையும் சாட்சியாக அழைக்க வேண்டாமா? தொழிற்சங்கத்தில் இருந்துகொண்டே பாட்டையும் தேடியவர் சி.வி. இரண்டையும் வெவ்வேறு வேலைகளாக அவர் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

என் குற்றமொன்றையும் சொல்லியாக வேண்டும். 1990களில், பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், வேலைநிறுத்தச் செய்தி சேகரிக்கப் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு லயத்துத் திண்ணையில் ஒதுங்கினேன். சாயத்தண்ணி கொடுத்த பாட்டி, மடியிலிருந்த பேரப்பிள்ளையைத் தூங்கவைக்கப் பாடிக்கொண்டிருந்தார். தாலாட்டுத்தான், ஆனால் நடுவிலே கணக்கப்பிள்ளையின் குடை வந்தது, அது காற்றில் சட்டை கழற்றிப் பறந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. "என்னா தம்பி, பேப்பர்ல போடுவீங்களா?" என்றார். போடுவேன் என்று சொல்லிவிட்டு, குறிப்பேட்டில் எழுதியது வேலைக்கு வராதோர் தொகையை மட்டுமே. அந்தத் தொகையை மறுநாள் இரண்டு பத்தியில் போட்டார்கள். இன்று அது யாருக்கும் வேண்டியதில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே திண்ணைக்குப் போனபோது பாட்டி காலமாகியிருந்தார். மகளுக்கு அந்தப் பாட்டு தெரியவில்லை.

அச்சேறியவற்றைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. சி.வி.யின் வாழ்வையும் மலையக வாய்மொழி இலக்கியத்தையும் சாரல் நாடன் அக்கறையோடு எழுதிவைத்தார். நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்துவருகிறார்கள். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததைக் கண்ட சமூகம் கற்ற பாடம் அது. தீ வைக்கப்படாமலே அழியும் நூலகம் ஒன்று மலையகத்தில் இருக்கிறது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அதன்படி சென்றவர்களோடு பாட்டும் கப்பலேறியது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அது இன்னும் சிலர் நாவில் இருக்கக்கூடும். இங்கிருக்கும் இளைஞர்களோ கொழும்புக் கடைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள்.

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். நல்ல காரியம். அந்த உற்சாகத்தில் பத்திலொரு பங்கையாவது கல்லிமாக்கஸின் வேலையில் செலவிட்டிருக்கலாம் என்பது என் ஆதங்கம். பெரிய திட்டமொன்றும் வேண்டியதில்லை. கைபேசி இல்லாத லயம் இன்று அரிது. தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர், வகுப்புக்கு ஒரு பாட்டு என்று பதியச் சொல்லட்டும். முதலடி, பாடியவர் பெயர், தோட்டமும் பிரிவும், யாரிடம் கேட்டுக் கற்றார், பதிந்த நாள் ஆகிய ஐந்தும் போதும். பாடியவர் பெயரைக் கட்டாயம் எழுதவேண்டும். குறுந்தொகையைத் தொகுத்தவர்கள், இயற்பெயர் கிட்டாத புலவரைக்கூடப் பாட்டின் தொடரைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்று பெயரிட்டு நிறுத்தினார்கள். நாம் 'நாட்டார் பாடல்' என்று எழுதிவிட்டு ஆளை விட்டுவிடுகிறோம்.

பூண்டுலோயா, வட்டகொடை, தலவாக்கலைப் பக்கத்தவர்களோ, அங்கிருந்து நீலகிரிக்குப் போனவர்களோ இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள். கணக்கப்பிள்ளையின் குடை காற்றில் பறக்கும் தாலாட்டு யாருக்கேனும் நினைவிருந்தால் எழுதியனுப்புங்கள். எனக்கு மெட்டு மட்டுந்தான் தெரியும்.