துதிக்கை எழுத்தின் துதிபாடிகள்

கரையான்சாவடிக் கடைத்தெருவின் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள், தோழர்களே! துதிக்கை நீட்டிய பழைய 'லை'யை எத்தனை கடையில் காண்பீர்? ஆயினும், அதுவே அழகு, அதுவே மரபு, அதுவே செவ்வியல் அச்செழுத்து என்று கண்ணீர் வடிப்போர் இன்னும் உளர்.

எது மரபு? புள்ளி வைத்தால் ஓலை கிழியுமென்று புள்ளியையே விட்டனர் முன்னோர். (அந்த ஓலையையும் கரையான் தின்றது!) எகர ஏகாரத்தை மயக்கமறப் பிரித்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். செருமனியின் ஆலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய தமிழெழுத்தோ தாளை விழுங்கும் பருமன். ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிதாக வார்த்தனர். கருவி மாறியது, தேவை மாறியது, உருவமும் மாறியது.

உரோமானிய எழுத்தின் நுனியில் நிற்கும் சிறு பாதமும் கல்லில் எழுத்து வெட்டிய காலத்தின் மிச்சமே. ஐரோப்பியர் அதைக் கும்பிடவில்லை; நூலுக்கு வைத்துக்கொண்டனர், பலகைக்கு வேண்டாதபோது வெட்டி எறிந்தனர்.

இங்கோ? 'ணா', 'றா', 'னா', 'ணை', 'லை' என்று பெரியார் 1935-இல் 'குடிஅரசு' ஏட்டில் அச்சிட்டுக் காட்டினார். 13 எழுத்துகளை அரசு ஏற்க 1978 ஆயிற்று. நாற்பத்து மூன்று ஆண்டுகள்! அதுவரை அச்சுக்கோப்பவன் அவற்றுக்குத் தனி அச்சுகளைத் தேடினான். பள்ளிப் பிள்ளை விதிவிலக்குகளை உருப்போட்டது. அழகென்று உருகுவோர் அந்தத் துதிக்கையைத் தம் வீட்டுச் சுவரில் வரைந்துகொள்ளட்டும். பாடநூலின் பக்கம் கொண்டுவர வேண்டா.