மரபணுப் படிப்பு: உங்கள் பிள்ளைக்கு ஏற்றதுதானா?



பிளஸ் டூ முடிவு வந்ததும் கூத்தாநல்லூர், அய்யம்பேட்டை, அதிராம்பட்டினம் என்று நம் டெல்டா ஊர்களில் எழும் பேச்சு இதுதான்: “டாக்டர் சீட் கிடைக்கவில்லை, பயோ இன்ஜினியரிங்கில் சேர்த்து விடலாமா?” மருத்துவம் கிடைக்காதவருக்கு ஆறுதல் பரிசா இந்தப் படிப்பு? இல்லவே இல்லை!

இதன் பயனை எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் சர்க்கரை நோயாளிகளுக்குப் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின்தான் கிடைத்தது. மனித இன்சுலின் மரபணுவை நுண்ணுயிரில் புகுத்தித் தயாரித்த மருந்துக்கு 1982இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இன்று நம் மக்கள் மனச்சங்கடமின்றி ஊசி போட்டுக்கொள்ள வழி செய்தது இந்தக் கல்விதான்.

நம் வயலுக்கு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா மூழ்கினால் விவசாயி மட்டுமா அழுகிறார்? அவருக்குக் கடன் கொடுத்த கடைக்காரரும்தானே! ஒடிசாவின் பழைய நெல் ஒன்றில் இருந்த, ஏறத்தாழ இரண்டு வாரம் வெள்ளம் தாங்க உதவும் ‘சப்-1’ மரபணுவை 2006இல் விஞ்ஞானிகள் அடையாளம் காட்டினார்கள். நம் விவசாயிக்குப் பழக்கமான சி.ஆர். 1009 நெல்லிலும் அது சேர்க்கப்பட்டது.

நம் சமுதாயத்திலும் முன்னோடி உண்டு. இளையான்குடியில் பிறந்த டாக்டர் இ.ஏ. சித்தீக், 1989இல் வெளியான பூசா பாஸ்மதி-1 நெல்லை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். 2011இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆனால் அவர் தாவரவியல் பட்டத்தோடு நின்றுவிடவில்லை. டெல்லி சென்று முனைவர் பட்டம் வரை படித்தார். பாடம் இங்கேதான் இருக்கிறது!

இளைஞனே, உன்னையே மூன்று கேள்வி கேள். உயிரியலோடு கணக்கும் கம்ப்யூட்டரும் பிடிக்குமா? பத்து முறை தோற்ற சோதனையைப் பதினோராம் முறை செய்யும் பொறுமை உண்டா? நான்காண்டு பி.டெக்., பிறகு முதுநிலை, அதன்பின் ஆராய்ச்சி என்று பத்தாண்டு வரை உன் குடும்பம் காத்திருக்குமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் தயங்காதே. தஞ்சை திருமலைசமுத்திரம் சாஸ்த்ராவிலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் இத்துறைப் படிப்புகள் உள்ளன. அரசு கலந்தாய்வில், 2007இல் நாம் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீட்டை மறந்துவிடாதே.

நான்காண்டில் சம்பளம் வேண்டும் என்றால் இது உனக்கான வழியல்ல. தஞ்சையிலேயே உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பார். அரிசி, மளிகை வணிகம் செய்யும் குடும்பத்துக்கு அந்தப் படிப்பு நேரடியாகக் கைகொடுக்கும்.

வணிகப் பெருமக்களே! சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022இல் நிறுத்தியது. அதை மீட்கக் குரல் கொடுப்பது நம் கடமை. ஆனால் அதுவரை நம் பிள்ளைகள் பாதி வழியில் நிற்பதா? கல்லூரிச் சேர்க்கைக் கட்டணத்தோடு உதவியை நிறுத்திவிடும் ஜமாஅத்துகள், ஆராய்ச்சி முடியும்வரை ஊருக்கு ஒரு மாணவரையாவது, ஒரு மாணவியையாவது தாங்கிப் பிடிக்கட்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த சித்தீக் நம் டெல்டாவிலிருந்து வரட்டும்!